மூன்று நாள் பெயர் கேளாத வீடு

தரும வீடு,
நாவற்குடா,
மட்டக்களப்பு.
16.06.2009, செவ்வாய் காலை

என் அன்பு மகளுக்கு,

உனக்கும் மருமகனுக்கும் செல்லப் பேரன் ஜேமிக்கும் மம்மியின் முத்தங்கள். இங்கே கடவுள் கிருபையால் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டவிடாதே.

தலைப்பில் உன் பெயரை எழுதவில்லை என்று முகத்தைச் சுளிக்காதே. காரணம் இருக்கிறது, வாசிக்கும்போது விளங்கும். முதலில் ஒன்று செய். இதைச் சமையலறையில் நின்றுகொண்டு வாசிக்காமல், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசி. இதை நான் தபாலில் போடவில்லை. எங்கள் சுவாமியார் தங்கை மகளின் கலியாணத்துக்காகச் சனிக்கிழமை மெல்பேணுக்குப் புறப்படுகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். செபப்புத்தகத்தின் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. ஓகஸ்ட் ஐந்தாம் திகதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், சண்டைதான் முடிந்துவிட்டதே, இனி என்ன பயம் மம்மி என்று எழுதியிருந்தாய். ஏழு வருடம். ஜேமியை நான் இன்னும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதே. பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இது ஐந்தாவது தாள்.

சண்டை முடிந்தது உண்மைதான். போன மாதம் வெடி கொளுத்தினார்கள், சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர் விடாமல் வாங்கித் தின்றோம். வாங்காத வீடு எது என்று பார்ப்பார்களோ என்ற பயத்தில் சீனி வருத்தக்காரர்கூட இரண்டு துண்டு தின்றார்கள். முடிந்த சண்டைக்கு இவ்வளவு பயப்படுவோம் என்று நான் நினைத்திருக்கவில்லை. இப்போது தேடுகிறார்கள், மகள். யார் யார் இயக்கத்தோடு இருந்தது, ஒரு நாள் இருந்தாலும் வந்து சொல்லு என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். சொல்லப் போனவர்களில் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். சிலருடைய தாய்மார் இன்னும் வாசலில் நிற்கிறார்கள்.

சுற்றி வளைத்து எழுதி என்ன பயன்? இந்த வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள். வயது பதினெட்டு. இரண்டு வருடமும் நாலு மாதமும் இங்கே ஒளிந்திருக்கிறாள். அவள் யார் என்று தெரிந்தால் கொண்டுபோய்விடுவார்கள். நீ வந்தால் தெரிந்துவிடும். இதை எழுதத்தான் நாலு தாளைக் கிழித்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய். அதற்கு முதல், ஜேமி பள்ளிக்கூடத்தில் பேச அம்மம்மாவின் வீட்டுக் கதையைக் கேட்டிருந்தானே, அதை எழுதிவிடுகிறேன். அந்தக் கதை தெரியாமல் மற்றது விளங்காது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் பொறுமையாக வாசி.

நூற்றிருபது வருடங்களுக்கு முன் இந்த இடத்தில் இசபெல்லா என்று, எங்களைப் போலப் போர்த்துக்கேய வழியில் வந்த ஒரு பறங்கி விதவை இருந்தார். புருசன் கொல்லர். பிள்ளைகள் இல்லை. கொலரா வந்த வருடம், மழை கொட்டுகிற பின்னேரம் ஒன்றில், யாரோ ஒரு பெண் வாசலில் வந்து ஒதுங்கியிருக்கிறாள். இசபெல்லா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பெயர் என்ன, ஊர் என்ன, எந்தக் கோயில், யாருடைய ஆட்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். கேட்டு முடியுமுன் அந்தப் பெண் வாசற்படியிலேயே இறந்துபோனாள். கடைசிவரை அவள் யார் என்று தெரியவில்லை. அதன் பிறகு அந்த அம்மா நெடுநாள் பைத்தியம் பிடித்தவர் போலத் திரிந்தாராம். பிறகு கொல்லுலையை இடித்துவிட்டு ஒரே வரிசையில் பன்னிரண்டு கதவு வைத்து இந்த வீட்டைக் கட்டினார். ஆதரவில்லாத பெண்கள் பன்னிரண்டு பேர், எந்தச் சமயமானாலும் இருக்கலாம். சனிக்கிழமை வாசலுக்கு வருகிற எல்லோருக்கும் கஞ்சி. உள்ளே வந்தவளிடம் மூன்று நாளைக்குப் பெயரையும் ஊரையும் கேட்கக் கூடாது. இது பலகையில் எழுதி இன்னும் மண்டபத்தில் தொங்குகிறது, வீட்டைப் பொறுப்பாகப் பார்க்கிற மேற்றன் என்று நான் இருக்கும்வரை தொங்கும். சின்ன வயதில் அந்தப் பலகைக்குப் பின்னால் நீ மாங்கொட்டை ஒளித்து வைப்பாய்.

இந்தப் பக்கத்துச் சனத்துக்கு இந்த வீடு என்ன என்று ஜேமிக்குச் சொல்லு. பிள்ளை பிறந்தால் முப்பத்தோராம் நாள் இங்கேதான் முதலில் கொண்டுவருவார்கள். முதலாம் கதவில் கொடுத்தால், ஒவ்வொருத்தியும் ஏந்தி அடுத்தவளிடம் கொடுத்து, பன்னிரண்டாம் கதவால் வெளியே வரவேணும். கோயிலுக்குப் போகிறவர்களும் வருவார்கள், மாதா கோயில்காரரும் வருவார்கள். வாவியில் வலை வீசுகிறவர்கள் முதற்பாட்டில் பிடிபட்டதில் ஒரு கை இறாலைக் குசினி யன்னலில் வைத்துவிட்டுப் போவார்கள். புருசன் பெண்சாதி சண்டை என்றால் பெண்சாதி வந்து மூன்று நாள் இருப்பாள், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டோம். நாலாம் நாள் அவனே வந்து மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போவான்.

சுனாமி அன்று நீ இங்கே இல்லை. கிறிஸ்மஸ் திருநாளுக்கு மறுநாள் காலை, எங்கள் மூன்று பெண்கள் கடற்கரையோரம் டச்பாரில் சொந்தக்காரரைப் பார்க்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை. கடற்கரைப் பக்கத்துச் சனம் முழுக்க வாவிப் பக்கம் ஓடிவந்தது. பன்னிரண்டு அறையிலும் முந்நூறு பேர் இருந்தார்கள். பெயரைக் கேட்டால் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அந்த மூன்று நாளும் இசபெல்லாவின் சட்டம் எவ்வளவு நல்ல சட்டம் என்று நினைத்தேன். நாலாம் நாள் பெயர்களை எழுதத் தொடங்கியபோது, நாங்கள் கையில் ஏந்தி அனுப்பிய எத்தனையோ பிள்ளைகளின் பெயர் அந்தக் கொப்பியில் வரவே இல்லை. இதை ஜேமிக்குச் சொல்லாதே.

இனி வருவது உனக்கு மட்டும்.

2007ஆம் ஆண்டு மாசி மாதம், வாகரைப் பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்களில் கிடந்த நேரம். ஒரு சனிக்கிழமை கஞ்சிக்கு நின்ற வரிசையில் இந்தப் பிள்ளையும் நின்றாள். தலைக்கு மேலால் ஒரு உரப்பையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். குடித்து முடித்து எல்லோரும் போன பிறகும் அவள் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். எங்களோடு இருக்கிற சீதேவிப்பிள்ளையை உனக்கு நன்றாகத் தெரியும், நாக்குத்தான் கத்தியே தவிர மனசு பஞ்சு. அவதான் போய்க் கையைப் பிடித்து, “எழும்புகா, உள்ளுக்கு வா” என்று கூட்டிவந்தா. உரப்பையை எடுத்தபோதுதான் கண்டோம். தலைமயிர் கழுத்துவரைகூட இல்லை, ஒட்ட வெட்டியிருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளைக்கு மயிர் ஒட்ட வெட்டியிருந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான், இயக்கத்துப் பிள்ளை. உனக்குத் தெரியும். சீதேவிப்பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடுப்பில் கிடந்த துணி ஈரமும் சேறும். என் பெட்டியில் இருந்த உன்னுடைய பழைய நீலக் கவுனை, வெள்ளைக் கழுத்து வைத்தது, எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாப்பிட்டாள், நித்திரை கொண்டாள், வாகனச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போனாள்.

திங்கட்கிழமை விடிய நாவற்குடா முழுக்கச் சுற்றிவளைப்பு. அது மூன்றாம் நாள், மகள். எனக்கு அவளுடைய பெயர்கூடத் தெரியாது. ஆமி மண்டபத்துக்குள் வந்தபோது கட்டிலுக்குக் கீழே போக அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதிகாரி ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நின்றார். யார் இது என்று கேட்டார். என் மூளையில் ஒரு பெயரும் இல்லை. கண் முன்னால் உன் கவுன். கட்டை மயிர். என் வாய் தானாகச் சொல்லியது, “ஜனின். என்ட மகள்” என்று.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “லன்சியா?” என்று கேட்டார். சிங்களத்தில் பறங்கியரை அப்படித்தானே சொல்லுவார்கள். ஓம், லன்சி என்றேன். அவருடைய முகம் இலகுவாகிவிட்டது. பறங்கிப் பிள்ளைகள் கட்டை மயிரோடு கவுன் போட்டுத் திரிவது யாருக்குத்தான் புதினம்? அடையாள அட்டை கேட்டார். நீ போகும்போது அங்கே எதற்கு என்று விட்டுப்போன அட்டை என் தகரப் பெட்டியில் இருந்தது. பதினாறு வயதில் எடுத்த படம், அதே கட்டை மயிர். கொண்டுவந்து கொடுத்தேன். அட்டையில் உன் பிறந்த வருடப்படி இருபத்தெட்டு வயது. அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினாறு. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மட்டுமில்லை, இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவு முதிர்ந்து கிடக்கிறது அந்த முகம்.

பார், இந்த வீட்டின் சட்டம் இல்லையென்றால் முதல் நாளே பெயரைக் கேட்டிருப்பேன். சீதேவிப்பிள்ளையின் பேத்தி, நாத்தியின் மகள், ஏதாவது ஒரு பொய்யை யோசித்து வைத்திருப்பேன். யோசிக்காததால் உன்னைக் கொடுத்துவிட்டேன். அது என் பிழை. பிறகு மாற்ற வழியில்லாமல் போய்விட்டது. ஆமியின் கொப்பியில் ஜனின் என்று ஏறிவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் கேட்டேன். அம்மிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னாள். கதிரவெளிப் பிள்ளை. தாயையும் இரண்டு தம்பிமாரையும் சுனாமி கொண்டுபோனது. தகப்பன் அதற்கும் முதலே இல்லை. பெரியம்மா வீட்டில் நின்றவளை, வீட்டுக்கு ஒரு ஆள் என்று கேட்டு வந்தவர்கள், பெரியம்மாவின் மகளுக்குப் பதிலாகக் கொண்டுபோனார்கள். எட்டு மாதம் இருந்திருக்கிறாள். செல் குண்டு விழத் தொடங்கியபோது காட்டால் ஓடிவந்திருக்கிறாள். ஓடிப்போனவர்களை இயக்கமும் தேடியது, ஆமியும் தேடியது, நடுவில் வெள்ளை வான் வண்டியில் வந்து ஆள் பிடிக்கிறவர்களும் தேடினார்கள். தன் பெயரை என் காதில் சொன்னாள். அதை நான் இதில் எழுதமாட்டேன். சுவாமியாருக்கும் சொல்லவில்லை.

இங்கே நிறுத்துகிறேன். வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிற சத்தம்.

18.06.2009, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லி முடிக்கவேணும்.

இந்த இரகசியம் இந்த வீட்டுக்குள் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதே. தெருவுக்கே தெரியும். வீட்டில் இருப்பவர் பட்டியல் எழுத எங்கள் கிராம அதிகாரி வினாயகமூர்த்தி விதானையார் வந்தார். உன் கலியாணத்தில் டடியோடு கட்டிப்பிடித்துப் பைலா ஆடிய மனிசன், உன்னை விமான நிலையத்துக்கு ஏற்றிய வானில் முன்சீற்றில் இருந்தவர். நான் ஜனின் என்று சொன்னேன். பேனையைத் தூக்கி அந்தப் பிள்ளையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “எப்ப வந்தவ?” என்று மட்டும் கேட்டார். போன மாதம் என்றேன். “ஓம் ஓம், போன மாதம் கண்ட ஞாபகம் இருக்கு” என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார். அவருடைய மூன்று பிள்ளைகளையும் நாங்கள்தான் பன்னிரண்டு கதவாலும் எடுத்துக் கொடுத்தோம்.

காத்தான்குடித் தையற்காரி நபீஸாவிடம் இரண்டு கவுன் தைக்கக் கொடுத்தேன். அளவெடுக்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவ நாடாவைக் கழுத்தில் போட்டபடி நின்று பார்த்துவிட்டு, “அளவு என்னத்துக்கு மேற்றன், ஜனினுக்குச் சின்னனில இருந்து தைச்ச கைதானே” என்றா. பிறகு உன்னைவிட நாலு விரல்கடை சிறிதாக, பிள்ளைக்குச் சரியான அளவில் தைத்து அனுப்பினா. மீன்காரர் முதல் பள்ளிக்கூடச் சிறுபிள்ளைகள் வரை அவளை ஜனினக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒருவருக்கும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவளுக்கு எங்கள் பறங்கிப் பாசையில் கர்த்தர் கற்பித்த செபத்தைப் பாடமாக்கினேன். சோதனைச் சாவடியில் கேட்டால் சொல்லவேணுமே. இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். ஆனால் சிலுவை போடச் சொன்னால் இடது கையால் போடுவாள், பிடித்து வலது கைக்கு மாற்றிவிடுவேன். அம்மன் கோயில் உடுக்குச் சத்தம் கேட்டால் தன்னையறியாமல் கை கூப்பிவிடுவாள். “லன்சிப் புள்ளைக்குத் திருநூறு கேக்குது போல, ஒரு நாளைக்கு எங்கள எல்லாம் மாட்டிவிடப்போறாகா” என்று சீதேவிப்பிள்ளை ஏசுவா. ஏசிவிட்டு, யாரும் காணாத நேரத்தில் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த திருநீறை அவளுடைய நெற்றியில் பூசி, உடனே துடைத்தும் விடுவா.

நீ இப்போது கோபத்தில் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். என் பெயரை எடுத்து யாரோ ஒருத்திக்குக் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை மம்மி என்று கேட்பாய். ஒரு உரிமையும் இல்லை. இரண்டு வருடமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததும் பிழை. போனில் சொல்ல முடியாது, கடிதத்தில் சொல்லப் பயம். நீ ஏதாவது அலுவலுக்கு இங்கே பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுக்க ஆளை அனுப்பிவிடுவாயோ என்று எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தேன்.

அவளை வேறு எங்காவது அனுப்பினால் என்ன என்று கேட்பாய். எங்கே? பட்டியலில் உள்ள ஆள் இல்லாமல் போனால் எங்கே போனாள் என்று கேட்டு வருவார்கள். ஒவ்வொரு சாவடியிலும் இறக்கிப் பார்க்கிறார்கள், வேறு பெயரில் போக அவளுக்கு ஒரு அட்டையும் இல்லை. ஆமியிடம் கொண்டுபோய்ப் பாரம் கொடுத்துவிடுங்கள், ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு விடுவார்கள் என்று சுவாமியார் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் பிள்ளையிடம் கேட்டேன். அன்று முழுக்க வீட்டைக் கூட்டிக் கழுவினாள், எல்லோருடைய உடுப்பையும் தோய்த்தாள், பின்னேரம் உன்னுடைய நீலக் கவுனை மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போக நின்றாள். நான் கதவைப் பூட்டிவிட்டேன். என் கையால் கொண்டுபோய் அந்த மேசைக்கு முன் இருத்த என்னால் முடியாது.

என் உடம்பைப் பற்றி ஏர்ல் மாமா உனக்கு என்னவோ சொல்லியிருக்கிறான் என்று உன் கடிதத்தில் தெரிகிறது. அதற்காகத்தான் அவசரமாக வருகிறாய் என்பதும் தெரிகிறது. மார்பில் ஒரு கட்டி, அவ்வளவுதான். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்து, கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய்ப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார்கள். அங்கே போனால் வாரக்கணக்கில் நிற்கவேணுமாம். அவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? வருகிற மழைக்காலம் முடியட்டும், பார்ப்போம். நீ அதை நினைத்துக் கவலைப்படாதே.

இனி புதன்கிழமைக் கதை. ஏர்ல் மாமாவின் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன் கடிதத்தைக் கேட்ட சந்தோசத்தில் தேத்தண்ணீர்க் கடையில் போய், எங்கட ஜனின் ஓகஸ்டில் வாறாள், சின்னவனையும் கொண்டு வாறாள் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். அங்கே இருந்த ஒருவர், சனங்களைப் பதிகிற அலுவலகத்தில் எழுதுகிறவர், “ஜனின் வீட்டிலதானே இருக்கிறா?” என்று கேட்டாராம். அப்போதுதான் இவனுக்கு உறைத்திருக்கிறது. தடுமாறி, அது அவுஸ்திரேலியாவில் இருக்கிற மூத்தவள், பெயரை மாறிச் சொல்லிவிட்டேன் என்றானாம். எங்கே இருக்கிறாள் மூத்தவள்? நான் பெற்றது உன்னை ஒருத்தியைத்தான். மாதா கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் அது எழுதிக் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை நான் கேட்ட மோட்டார் சைக்கிள் யாரோ வழி கேட்டு நின்றது. மறுநாள் நின்றது அந்த மனிதருடையது. வந்து மண்டபத்து வாங்கில் இருந்தார். நல்ல மரியாதையான பிள்ளை, எங்கள் ஊர்ப் பேச்சுத்தான். “மேற்றன், ஒங்களுக்கு எத்தினை புள்ளையள்?” என்று கேட்டார். இரண்டு என்றேன். மூத்தவளின் பெயரைக் கேட்டார். மேரி என்றேன். அதை எழுதினார். இளையவள் ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கோப்பை அசையவில்லை, அவள் கண்ணும் அசையவில்லை. எனக்குத்தான் வேர்த்து ஒழுகியது. சீதேவிப்பிள்ளை முந்திக்கொண்டு, “இந்தக் கிழட்டு மாடுகளுக்குத் தண்ணி வாக்க ஆரு இருக்கா தம்பி, அவளும் போனா நாங்க செத்திருவம்” என்றா. அவர் சிரித்தார்.

போகும்போது சொன்னார், மூத்த மகள் வந்த உடனே கடவுச்சீட்டோடு அலுவலகத்துக்குக் கூட்டிவந்து பதிய வேணுமாம். அவவோடு போனில் பேசுகிறனீங்களா என்று கேட்டார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எடுப்பாள் என்று சொல்லிவிட்டேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். “ஆ, நல்லம், நானும் ஒரு நாளைக்கு வந்து கதைக்கிறன்” என்றார். விதானையாரும் இப்போது ஓய்வில் போய்விட்டார், புதிதாக வந்திருப்பவரை எங்களுக்குத் தெரியாது.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும். நீ வந்தால் உன் கடவுச்சீட்டில் என்ன பெயர் இருக்கிறது? என்ன பிறந்த திகதி? தாயின் பெயர் என்ன? இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்? உனக்கு ஒன்றும் ஆகாது, உன்னிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது. எனக்கும் வயது போய்விட்டது, என்னை என்ன செய்வார்கள். பட்டியல் எழுதிய விதானையார், கவுன் தைத்த நபீஸா, மீன்காரர், இந்தத் தெரு முழுக்க அவளை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, அவ்வளவு பேரையும் கேட்பார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவளுக்கு அழுதுகொண்டு பின்னால் போக ஒரு தாய்கூட இல்லை.

ஆகையால் வரவேண்டாம், மகள். இதை எழுதிவிட்டேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. இந்த வருடம் வேண்டாம். அடுத்த வருடமும் நான் சொல்லாமல் வெளிக்கிடாதே. எனக்கு உன்னைப் பார்க்க விருப்பமில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. ஜேமியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்கவேணும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதத் தொடங்கினால் இந்தத் தாளும் அடுப்புக்குத்தான் போகும்.

இன்னும் ஒரு உதவி. இம்மாதம் இருபத்தெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் எடு. மூத்தவள் மேரியாகப் பேசி, வர முடியாது என்று சொல்லு. காரணம் நீயே பார்த்துச் சொல்லு. மருமகன் விடவில்லை என்று சொல்லு, மம்மியோடு கோபம் என்று சொல்லு, சத்தம் போட்டு ஏசினாலும் நல்லது. அந்த மனிதர் அன்றைக்குப் பக்கத்தில் இருந்தால் அவர் காதில் விழட்டும். நீ ஏசுவது நடிப்பா, உண்மையா என்று எனக்குத் தெரியாமல் இருக்கும். உண்மையாக இருந்தாலும் நான் குறை நினைக்கமாட்டேன்.

நான் போனை எடுக்கமாட்டேன். என்னில் எனக்கு நம்பிக்கை இல்லை. உன் குரலைக் கேட்டால் என் வாய் உன் பெயரைச் சொல்லிவிடும், அன்றைக்கு ஆமிக்கு முன்னால் சொன்னது போல. நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நீ பேசுவது எனக்குக் கேட்கும்படி அவள் போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடிப்பாள். ஜேமியை இரண்டு வார்த்தை பேசவிடு.

தேவமாதா உன்னையும் உன் வீட்டையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. வாசித்து முடிந்ததும் இதை எரித்துவிடு.

அன்றைக்கு அவள்தான் எடுப்பாள். எடுத்து, ஜனின் பேசுறன், ஆர் பேசுறீங்க என்று கேட்பாள். பயந்துகொண்டுதான் கேட்பாள், அவளோடு ஆறுதலாகக் கதை. உன் பெயரைச் சொல்லிவிடாதே, என் தங்கமே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
மம்மி,
புளோறன்ஸ்